தனக்கென ஒரு சோப்புக் கட்டி

தமிழர் வாழ்வில் சீராட்டும் குளியல் என்பது பெரும்பாலும் பிறர் கையால் நிகழ்வதாகவே இருந்து வந்திருக்கிறது. பிறந்த குழந்தையை நீட்டிய கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்க்கும் பாட்டியின் கை, பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டும் தாயின் கை, பருவமெய்திய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டும் அத்தையின் கை, மணமக்களுக்கு நலங்கு வைக்கும் உறவுப் பெண்களின் கை, தலைத்தீபாவளிக்கு வந்த மருமகனின் உச்சியில் எண்ணெய் வைக்கும் மாமியாரின் கை என்று, ஓர் உடலைப் பொறுமையாகப் பேணும் உரிமை வாழ்வின் சில நிலைகளில் மட்டும், அதுவும் மற்றொருவரின் அன்பின் வழியாக மட்டும், ஒருவருக்குக் கிடைத்தது. அந்த நிலைகளுக்கு இடைப்பட்ட நீண்ட ஆண்டுகளில் குளியல் என்பது ஒரு வாளித் தண்ணீர், ஐந்து நிமிடம், வீட்டில் எல்லோரும் தேய்த்து மெலிந்துபோன ஒரு சோப்புத் துண்டு என்ற அளவில் சுருங்கிவிட்டது. வீட்டில் கடைசியாகக் குளிக்கும் பெண்ணுக்கு அந்தத் துண்டும் பல நாள் இரண்டாக உடைந்தே கிடைத்தது. தனக்கென ஒரு சோப்பைத் தானே செய்துகொள்வதும், தன் தோலுக்கு ஏற்றதை அறிந்து வாங்குவதும் இன்று நகரத்திலும் சிற்றூரிலும் பரவிவரும் பழக்கமாக இருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் காண வேண்டும். இதை வீண்செலவு என்று ஒதுக்குவோர் அதன் பொருளைத் தவறவிடுகின்றனர். அழகான உறையையும் வாசனையையும் மட்டும் கண்டு மயங்குவோரும் அதே அளவுக்குத் தவறவிடுகின்றனர். செய்யும் அறிவும் வாங்கும் அறிவும் ஒன்றே என்பதும், ஒரு முறையேனும் சோப்பு செய்து பார்த்தவரின் கண் கடையில் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கும் என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

சோப்பு என்ற சொல்லுக்கு முன்பே அழுக்ககற்றும் பொருள்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் சவர்க்காரம் என்ற சொல்லும், தமிழ்நாட்டின் பழைய வழக்கான சவுக்காரம் என்ற சொல்லும் இந்தப் பொருளின் உயிரான காரத்தைத் தம்முள் தாங்கி நிற்பவை. காரம் என்பது இங்கே நாவில் உறைக்கும் சுவையைக் குறிக்கவில்லை. அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்ட, கொழுப்பைத் தாக்கி மாற்றவல்ல பொருளைக் குறிக்கிறது. வண்ணார்கள் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணின் ஆற்றலும் அதிலிருந்த சோடா உப்பாகிய காரத்தினால் வந்ததே. உடலுக்கும் தலைக்கும் பயன்பட்டவை வேறு வகையைச் சேர்ந்தவை. சீயக்காய், உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றில் சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் உள்ளது. அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் பற்றிக்கொள்வதால், எண்ணெயும் அழுக்கும் நீரோடு கழிந்துபோகின்றன. சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆயினும் சப்போனின் செடியிலேயே விளைவது, சோப்போ எண்ணெயையும் காரத்தையும் சேர்த்து மனிதர் ஆக்குவது.

அந்த ஆக்கம் நெடுங்காலம் கைப்பழக்கமாகவே இருந்தது. சிரியாவின் அலெப்போ நகரில் ஆலிவ் எண்ணெயோடு லாரல் காயின் எண்ணெயைச் சேர்த்துச் சோப்பு காய்ச்சினர். பிரான்சின் மார்செய் நகரச் சோப்பின் தரத்தைக் காக்க 14ஆம் லூயி மன்னரின் அரசு 1688ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை, ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாது என்றும், கோடை மாதங்களில் காய்ச்சக் கூடாது என்றும் கட்டளையிட்டது. 1791இல் நிக்கோலா லெப்லான் உப்பிலிருந்து சோடாக் காரம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே காரம் மலிந்தது. 1823இல் மிஷேல் யூஜின் ஷெவ்ரோல் கொழுப்புகளைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்ட பின்னரே, எண்ணெய்க்குள் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் பிணைந்திருக்கின்றன என்பதும், காரம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது என்பதும் தெளிவாயின. தென்னிந்தியாவில் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916இல் தொடங்கிய சந்தன எண்ணெய்த் தொழிலிலிருந்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. சென்னையில் 1969இல் மருத்துவர் வி. பி. சித்தன் 18 மூலிகைகளைச் சேர்த்துக் கையால் ஆக்கத் தொடங்கிய மெடிமிக்ஸ் சோப்பு, தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு, காய்ச்சாமல் வார்க்கும் முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. இன்று ஒரு வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெயை அளந்து வைக்கும் பெண் செய்வதும் அடிப்படையில் அதே முறைதான்.

அந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது கிளிசரின் என்னும் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு. காஸ்டிக் சோடா என்று கடையில் கிடைக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு அந்த மூன்றையும் தண்டிலிருந்து கழற்றித் தன்னோடு இணைத்துக்கொள்ளும்போது மூன்று பங்கு சோப்பும் ஒரு பங்கு கிளிசரினும் உண்டாகின்றன. ஒவ்வோர் எண்ணெய்க்கும் அதை முழுதாகச் சோப்பாக்கத் தேவையான காரத்தின் அளவு வேறு. சோப்பாக்க எண் எனப்படும் இந்த அளவு தேங்காய் எண்ணெய்க்குக் கிராமுக்கு ஏறத்தாழ 0.183 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 கிராம், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம். ஓர் எண்ணெய்க்கு எழுதிய குறிப்பில் வேறோர் எண்ணெயை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்: ஆலிவுக்குத் தேங்காயின் அளவில் காரம் இட்டால், எஞ்சிய காரம் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு மிக இயல்பான தொடக்கம் தேங்காய் எண்ணெய் மட்டும் சேர்ந்த கட்டியே. 500 கிராம் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க 91.5 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் ஆதலால், அதிலிருந்து வரும் சோப்பு கடினமாகவும் நுரை மிகுந்தும் இருக்கும். உவர்நீரிலும் நுரைக்கும் என்பதால்தான் கப்பலோட்டிகளுக்கு ஒரு காலத்தில் இந்தச் சோப்பைக் கொடுத்தனர். அதே வலிமை தோலின் இயற்கையான எண்ணெயையும் சேர்த்துக் கழுவி வறட்டிவிடும் என்பது அதன் குறை. அதனால் காரத்தில் 20 விழுக்காட்டைக் குறைத்து 73 கிராம் மட்டும் இடுவது சோப்பு செய்வோர் கண்ட வழி. சோப்பாகாமல் எஞ்சும் எண்ணெய் கட்டிக்குள்ளேயே தங்கித் தோலில் ஒரு மென்மையை விட்டுச்செல்கிறது. இவ்வாறு வேண்டுமென்றே விடும் எண்ணெயைச் சூப்பர்ஃபேட் என்கின்றனர். மிகைக் கொழுப்பு என்று தமிழில் கூறலாம். மற்ற எண்ணெய்க் கலவைகளுக்கு 5 விழுக்காடே வழக்கம். கடைச் சோப்புக்கும் கைச்சோப்புக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த மிகைக் கொழுப்பிலும், பெரிய ஆலைகள் உப்பிட்டுப் பிரித்துத் தனியே விற்றுவிடும் கிளிசரின் வீட்டுக் கட்டிக்குள் முழுதாக இருப்பதிலும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஓர் எளிய பிழை பெரிய தீங்காக மாறுவதை எடுத்துக்காட்ட வேண்டும். எண்ணெய் கடையில் லிட்டரில் விற்கப்படுகிறது. சோப்புக் கணக்கோ எடையில் நடக்கிறது. 500 மில்லி தேங்காய் எண்ணெயின் எடை ஏறத்தாழ 460 கிராம்தான். 5 விழுக்காடு மிகைக் கொழுப்பு என்று எண்ணி 500 கிராமுக்கு உரிய 87 கிராம் காரத்தை அளந்த ஒருவர், எண்ணெயை மட்டும் அரை லிட்டர் பாக்கெட்டாகக் கொட்டினால், உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு 84 கிராமே போதும் என்பதால் மிகையாவது எண்ணெய்க்குப் பதிலாகக் காரம். அழகாக உறைந்து மணக்கும் அந்தக் கட்டி எவர் தோலுக்கும் ஆகாது. 1 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காரத்தைக் கையாளும் முறையும் அவ்வாறே விட்டுக்கொடுக்க முடியாதது. மூக்குக் கண்ணாடி போதாது, பக்கங்களையும் மூடும் காப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும் ஆதலால் எவர்சில்வர் பாத்திரமே உரியது. 180 கிராம் தண்ணீரில் 73 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டுமே தவிர, காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இட்ட உடனே அடுப்பில்லாமலே கரைசல் கைவைக்க முடியாதபடி சூடேறி ஆவி எழும், அந்த ஆவியை முகரக் கூடாது. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே முறை. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கரைசல் மிதமான சூட்டுக்கு ஆறியபின் எண்ணெயில் ஊற்றிக் கடையும்போது நிகழும் மாற்றம், இந்தக் கைத்தொழிலின் மிக அழகிய பகுதி. தெளிந்த எண்ணெய் முதலில் மங்கலாகி, பின்னர் மோர்க்குழம்பின் நிறத்துக்கு வெளுத்து, ஹேண்ட் பிளெண்டரை விட்டுவிட்டுச் சுழற்றச் சுழற்றத் தோசை மாவாகத் திரள்கிறது. கரண்டியைத் தூக்கி இழையாக விட்டால் அந்த இழை மேற்பரப்பில் அமிழாமல் கோடாக நிற்கும். சோப்பு செய்வோர் டிரேஸ் என்று சொல்லும் இந்தப் பதத்தில், எண்ணெயும் நீரும் இனிப் பிரியாது என்ற உறுதி கிடைத்துவிட்டதால், மணமும் பொடியும் சேர்த்து அச்சில் வார்க்கலாம். வார்த்த பின்னும் உள்ளே வேதிவினை தொடர்ந்து நடப்பதால் அச்சு தானே சூடேறுகிறது. தேங்காய் எண்ணெய்க் கட்டி மற்றவற்றைவிட விரைந்து இறுகுவதால், மைசூர்பாகைச் சூட்டோடு வில்லை போடுவதுபோலச் சில மணி நேரத்திலேயே கையுறையோடு வெட்டிவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் கத்தி பட்ட இடத்தில் நொறுங்கும். அதன்பின் 4 முதல் 6 வாரம் காற்றாட அடுக்கி வைப்பதைக் க்யூரிங் என்கின்றனர். ஆறவைத்தல் என்ற வீட்டுச் சொல்லே அதற்குப் போதும். காரம் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிட்டாலும், இந்த வாரங்களில் நீர் வற்றிக் கட்டி இறுகுகிறது, நுரை மென்மையாகிறது, குளியலறையில் விரைவில் கரையாத உறுதி வருகிறது. 750 கிராமாக வார்த்தது ஆறிய பின் 650 கிராமை ஒட்டி நிற்கும். ஒருவருக்குச் சில மாதங்களுக்குப் போதுமான ஆறு கட்டிகள்.

மஞ்சளைப் பற்றி இங்கே ஒரு சொல். நலங்குக்கும் நீராட்டுக்கும் உரிய மஞ்சளைச் சோப்பிலும் சேர்க்க விரும்புவது இயல்பு; ஆனால் சேர்த்தவுடன் கூழ் செந்நிறமாவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும். மஞ்சள் தடவிய தாளில் சோப்பைத் தேய்த்து, சிவந்தால் காரம் மிகுந்த கெட்ட சோப்பு என்று முடிவு கட்டும் ஒரு சோதனையும் வழக்கில் இருக்கிறது. அது பிழையானது. உண்மையான சோப்பு எதுவாயினும் அதன் பி.ஹெச். அளவு 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும் காரப் பொருளே. மஞ்சள் அதற்கும் சிவக்கும். தோலின் பி.ஹெச். 5ஐ ஒட்டியது. 5.5 என்று அட்டையில் அச்சிட்டு வரும் கட்டிகள் வேதியியல் பொருளில் சோப்புகள் ஆகா. அவை சின்டெட் எனப்படும், செயற்கை நுரைப்பொருள்களால் ஆன கட்டிகள். அவற்றில் குறை ஒன்றும் இல்லை. வறண்ட தோலும் கரப்பான் போன்ற தோல்நோயும் உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் அவற்றையே பரிந்துரைக்கின்றனர். கையால் செய்தது என்பதற்காகக் காரச் சோப்பைப் பிடிவாதமாகத் தேய்ப்பது அத்தகையோருக்கு நன்மை தராது.

காரத்தைத் தொட அஞ்சுவோர் சோப் பேஸ் எனப்படும் ஆயத்தக் கட்டியை வாங்கி உருக்கி, மணமும் நிறமும் சேர்த்துச் சிலிக்கான் அச்சில் ஊற்றுகின்றனர். குப்பைமேனிச் சோப்பு, நலங்குமாவுச் சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு என்று இன்று விற்பனைக்கு வருபவற்றில் பல இவ்வாறு உருக்கி ஊற்றப்பட்டவை. இது எளிய, பாதுகாப்பான முறை, குழந்தைகளும் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்யத்தக்கது. ஆயினும் சோப்பின் தன்மையைத் தீர்மானிப்பது அந்த ஆயத்தக் கட்டியே; மேலே இட்ட ஒரு கரண்டி இலைப்பொடி நிறத்தையும் சொரசொரப்பையும் தருமே தவிர, நீரில் கழுவிப்போகும் சில நொடிகளில் மருந்தாக வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. பச்சை இலைச் சாற்றையும் கற்றாழைக் கூழையும் உருக்கிய கட்டியில் மிகுதியாகச் சேர்த்தால் அது வியர்த்து, பூஞ்சை பிடித்துக் கெடும். நீர் உள்ள இடத்தில் நுண்ணுயிர் வளரும் என்பதே இதன் அடிப்படை. வீட்டில் செய்யும் நீர் கலந்த கிரீம்களும் கற்றாழை ஜெல்லும் பதப்பொருள் இன்றி நாள்பட வைக்கத் தகாதவை என்பதும் அதனால்தான். செக்கில் ஆட்டிய விலையுயர்ந்த எண்ணெயைச் சோப்புக் கூழில் கொட்டுவதும் வீண். அதன் மணமும் நுண்பொருள்களும் காரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். செக்கெண்ணெய் தேய்த்துக் குளிக்கவே தகும், சோப்புக்குச் சாதாரணத் தேங்காய் எண்ணெய் போதும்.

காரமும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம் என்போருக்கு நலங்குமாவைக் காட்டிலும் நல்ல தொடக்கம் இல்லை. பச்சைப்பயறும் கடலைப்பருப்பும் அடிப்படை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவை மணத்துக்கும் மென்மைக்கும். இவற்றின் அளவு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், மாறவும் வேண்டும்: வறண்ட தோலுக்குக் கடலைப்பருப்பைக் குறைத்துப் பாலில் குழைப்பதும், எண்ணெய்ப் பசைத் தோலுக்குப் பயறைக் கூட்டி மோரில் குழைப்பதும் பழைய பெண்களின் கைப்பக்குவம். மொட்டைமாடி வெயிலில் வேர்கள் ஒடித்தால் முறியும் வரை காய வேண்டும். முழுதும் காயாத வெட்டிவேர் அரைபடாமல் நாராகச் சுற்றிக்கொள்ளும், ஈரம் எஞ்சிய மாவில் வண்டு வரும். மாவு மில்லில் சீயக்காய்க்கெனத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டு அதில் அரைக்கக் கொடுப்பதும், மிளகாய் அரைத்த கையோடு அரைக்க விடாமல் அருகில் நின்று பார்ப்பதும், அரைத்த சூடு ஆறிய பின்னரே டப்பாவில் அடைப்பதும் அனுபவம் கற்றுத்தந்தவை. வெள்ளைத் துணியில் சலித்த மாவே முகத்துக்கு ஏற்றது; சலித்தபின் எஞ்சும் கப்பி முழங்கைக்கும் குதிகாலுக்கும் ஆகும். எண்ணெய்க் குளியலன்று சோப்பைக் காட்டிலும் இந்த மாவோ அரப்போ சிறந்தது என்பதற்கும் காரணம் உண்டு: சப்போனினும் பருப்பு மாவும் மேல் எண்ணெயை எடுத்துவிட்டு, தோலில் ஊறிய மெல்லிய படலத்தை விட்டுவைக்கின்றன.

தொட்டியில் இடும் நுரை உருண்டைகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாத் பாம் என்று விற்கப்படும் இவற்றை இங்கிலாந்தில் லஷ் நிறுவனத்தைத் தொடங்கியோரில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன் 1989இல் உருவாக்கினார். இரண்டு பங்கு சமையல் சோடாவும் ஒரு பங்கு சிட்ரிக் அமிலமும் உலர்வாகக் கலந்திருப்பதால், நீர் பட்டதும் வினைபுரிந்து கரியமில வாயு பொங்குகிறது. குளியல்தொட்டி இல்லாத வீட்டில் இதற்குச் செலவிடுவது பொருந்தாது. ஓர் அகன்ற பேசினில் கால் பொறுக்கும் வெந்நீர், ஒரு கைப்பிடிக் கல்லுப்பு, முந்தைய நாளே ஊறவைத்த வெட்டிவேர் நீர் ஆகியவற்றோடு நாள் முழுதும் நின்று வேலை செய்த கால்களை இருபது நிமிடம் வைத்திருப்பது அதைவிட மேலான இன்பம். சர்க்கரை நோயுள்ளவர்கள் மட்டும் காலில் உணர்ச்சி குன்றியிருக்கக் கூடும் என்பதால் இதனை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

வாங்குவதற்கு வருவோம். சோப்பு உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும்; கட்டியின் எடையில் கொழுப்புப் பொருள் எத்தனை விழுக்காடு என்பதை அது கூறுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப் என்ற பெயருக்கு உரிய முதல் தரம் குறைந்தது 76, இரண்டாம் தரம் 70, மூன்றாம் தரம் 60 விழுக்காடு கொண்டிருக்க வேண்டும். பாத்திங் பார் என்று அச்சிட்டவை வேறு வகை. அவற்றுக்கு 40 விழுக்காடே போதும், எஞ்சியது நிரப்புப் பொருளும் பிற நுரைப்பொருளும் நீருமாக இருக்கலாம். ஒரே அளவு, ஒரே விலை, ஒரே வாசனை உள்ள இரு கட்டிகளில் ஒன்று பத்து நாளில் கரைந்து கூழாவதற்கும் மற்றொன்று மாதம் தாங்குவதற்கும் விடை பெரும்பாலும் இந்த எண்ணில் இருக்கும். அதே உறையில் உள்ள பொருள்பட்டியலில் சோடியம் பாமேட் என்றிருந்தால் பாமாயிலும், சோடியம் கோகோவேட் என்றிருந்தால் தேங்காய் எண்ணெயும், சோடியம் டாலோவேட் என்றிருந்தால் விலங்குக் கொழுப்பும் சோப்பாக மாறிய வடிவங்கள். பட்டியல் மிகுதியானதில் தொடங்கிக் குறைவானதில் முடிவது வழக்கம் என்பதால், உறையின் முன்புறம் பெரிதாகப் படம் போட்ட பாதாமும் சந்தனமும் பட்டியலின் வாலில் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

கைவினைச் சோப்பு விற்போரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கெமிக்கல் இல்லாத சோப்பு என்று எவரேனும் சொன்னால், அவர் சோப்பை அறியாதவர் அல்லது வாங்குபவர் அறியாதவர் என்று எண்ணுபவர். காஸ்டிக் சோடா போன்ற காரம் இன்றிச் சோப்பு இல்லை, நன்றாகச் செய்த கட்டியில் அது முழுவதும் மாறித் தீர்ந்துவிடுகிறது என்பதே நேர்மையான விடை. எந்த எண்ணெய்கள், மிகைக் கொழுப்பு எவ்வளவு, வார்த்த நாள் எது, காரம் சேர்த்துச் செய்ததா அல்லது ஆயத்தக் கட்டியை உருக்கியதா என்ற நான்கு கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் ஒருவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது நியாயமே. இந்தியச் சட்டத்தில் சோப்பும் ஓர் அழகுப் பொருளாகவே கருதப்படுகிறது. தனக்கும் தன் வீட்டுக்கும் செய்துகொள்ள எவர் அனுமதியும் வேண்டாம், விற்பனைக்குச் செய்வோர் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். உரிம எண்ணை உறையில் தேடுவது விற்பவரைப் புண்படுத்தும் செயல் ஆகாது.

வாசனையில் மட்டும் சற்று அடக்கம் வேண்டும். பூவிலிருந்து வடித்த எண்ணெய் ஆயினும் அது செறிந்த வேதிப்பொருளே. நேரே தோலில் தடவினால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாவதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவர். இயற்கையானது எனவே தீங்கற்றது என்ற நம்பிக்கை இங்கே பொருந்தாது; பூந்திக்கொட்டை நீர் ஒரு துளி கண்ணில் பட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்த எதையும், புதிதாக வாங்கிய எதையும், முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாள் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு உடலெங்கும் பூசுவதே முறை.

இவ்வளவு கணக்கும் எச்சரிக்கையும் ஒரு குளியலுக்காகவா என்று கேட்கப்படலாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் எந்தக் குழம்பு பிடிக்கும், எவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று அறிந்து வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், உனக்கு எந்த மணம் பிடிக்கும் என்று கேட்டால் பல வேளை விடை வருவதில்லை, ஏனெனில் அந்தக் கேள்வி அவளிடம் கேட்கப்பட்டதே இல்லை. ஆறு கட்டிகளை வார்த்து, ஒன்றில் வெட்டிவேரும் மற்றொன்றில் ஒன்றுமே சேர்க்காத வெறும் தேங்காய் எண்ணெய் மணமும் வைத்து, ஆறு வாரம் காத்திருந்து, எது தனக்கு உகந்தது என்று தானே கண்டுகொள்ளும்போது அந்தக் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. குடும்பத் தலைவருக்கும் இது பொருந்தும். சோப்பு வாங்கி வருவது தன் வேலை, தேர்வது எவர் வேலையும் இல்லை என்ற போக்கில் பல பத்தாண்டு ஒரே கட்டியைத் தேய்த்து முதுகு வறண்டுபோன ஆண்கள் பலர். செய்த கட்டியை நீர் வடியும் தட்டில் வைத்து, தனக்கென்று ஒரு துண்டும் வாரத்தில் ஒரு நாள் அவசரமில்லாத அரை மணியும் ஒதுக்கிக்கொள்வதற்கு வீட்டில் இருப்போர் இடம் கொடுக்க வேண்டும். கதவைத் தட்டாமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய உதவி.

புரட்டாசி பிறந்ததும் வார்த்து, நிழலான பரணில் தாள் விரித்து இடைவெளி விட்டு அடுக்கிய கட்டிகள், ஐப்பசியில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு முந்தைய நாட்களில் சரியாக ஆறி முடிந்திருக்கும்.